டீப் பர்ப்பிள் எல்பி வாங்குமுன் அட்டையைத் திருப்புங்கள்

நீலகிரியில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறும்போதெல்லாம் மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் காயலான் கடைக்கு வந்து சேரும். ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், கிறிஸ்துமஸ் கீதங்கள், நடுவே ஒன்றிரண்டு டீப் பர்ப்பிள். "எல்லாம் ஒரே குரூப்புதானே சார், எதை எடுத்தாலும் ஒரே ரேட்" என்பார் கடைக்காரர். ரேட் ஒன்றாகவே இருக்கட்டும். குரூப் ஒன்றல்ல.

1968இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில் கூடிய இந்த ராக் இசைக் குழுவில் ஆள் மாறிய கணக்கே ஒரு வேடிக்கை. ஓரிரு கச்சேரிக்கு மாற்றாக நின்றவர்களை விட்டுவிட்டால் டிரம்ஸுக்கு 1 ஆள், கீபோர்டுக்கு 2, பேஸ் கிட்டாருக்கு 3, பாட்டுக்கு 4, கிட்டாருக்கு 5. ஆக 15 பேர். எல்லா அணியிலும் இருந்த அந்த ஒரே ஆள் இயன் பெய்ஸ். ரசிகர்கள் அணிகளை மார்க் 1, மார்க் 2 என்று எண்ணுவார்கள். இப்போது மேடையில் இருப்பது மார்க் 9. அட்டையில் பெயர் மாறாது, எழுத்து கொஞ்சம் மாறும். உள்ளே பாடுபவர் யார், கிட்டார் யார் கையில் என்பது பின்னட்டையில்தான் தெரியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றே மூன்று எல்பிக்குத்தான் பணம் என்றால் 'இன் ராக்', 'மேட் இன் ஜப்பான்', 'பர்ன்'. நான்காவதாக 'மெஷின் ஹெட்'. அதை முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம், அதன் ஏழு பாட்டில் நான்கு 'மேட் இன் ஜப்பா'னில் இன்னும் சூடாகக் கிடைக்கின்றன. மற்றவை அவரவர் ருசி.

மலையில் கிடைக்கும் பெட்டிகளில் அதிகம் தென்படுவது மார்க் 2தான். இயன் கில்லன் பாட்டு, ரிச்சி பிளாக்மோர் கிட்டார், ரோஜர் குளோவர் பேஸ், ஜான் லார்ட் ஆர்கன், பெய்ஸ் டிரம்ஸ். 1969இல் கில்லனும் குளோவரும் எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வந்த கையோடு அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னால்ட் நடத்த, ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு கச்சேரி. அது ஜான் லார்டின் கனவு, பிளாக்மோருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அந்தத் தட்டு கிடைத்தால் ஆவண மதிப்புக்கு எடுக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதற்கான சரக்கல்ல.

'இன் ராக்' 1970 ஜூனில் வந்தது. அமெரிக்காவின் ரஷ்மோர் மலைப் பாறையில் ஐந்து பேர் முகத்தையும் செதுக்கியதுபோன்ற அட்டை. அணியைச் சரிபார்க்க இதைவிட வசதியான அட்டை கிடையாது. உள்ளே நடந்த மாற்றம் பெரிது. லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை வழக்கமான லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் பெட்டியோடு நிறுத்தாமல் மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார். ஆர்கன் கரகரத்துக் கிட்டாருக்குச் சமமாக மோத ஆரம்பித்தது. இரண்டில் எது எது என்று பிரித்தறிய முடியாத இடங்கள் இதில் உண்டு, உங்கள் ஸ்பீக்கர் பிரித்துக் காட்டினால் அது நல்ல ஸ்பீக்கர். ஒரு எச்சரிக்கை. அன்றைய அமெரிக்கப் பதிப்பில் முதல் பாட்டின் ஆரம்ப இரைச்சலை வெட்டிவிட்டார்கள். பிரிட்டிஷ் பதிப்பின் அட்டையில் உள்ள எண் எஸ்எச்விஎல் 777, கம்பெனி லேபிள் ஹார்வெஸ்ட். ஊசி வைத்ததும் குழப்படியான ஒரு பேரிரைச்சல், அது அடங்கி ஆர்கன், அப்புறம் பாட்டு என்று வந்தால் முழுசானது. நேரே பாட்டு தொடங்கினால் வெட்டுப்பட்டது.

அடுத்தது 'ஃபயர்பால்', 1971. இதிலும் இரண்டு உருவம். பிரிட்டிஷ் பதிப்பில் 'டீமன்ஸ் ஐ' என்ற பாட்டு, அமெரிக்கப் பதிப்பில் அந்த இடத்தில் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்'. எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு பின்னட்டையைப் படியுங்கள்.

'மெஷின் ஹெட்' கதையைத் தெரியாதவர் குறைவு. 1971 டிசம்பர் 4ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் மாந்த்ரூவில் அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியின்போது யாரோ சுட்ட ஃபிளேர் (ஒளிக்குண்டு) துப்பாக்கியால் கேசினோ எரிந்துபோனது. அதே கேசினோவில்தான் இவர்கள் பதிவு செய்வதாக இருந்தார்கள். பிறகு ஒரு அரங்கில் ஆரம்பித்து, சத்தம் தாங்காமல் போலீஸ் வந்து நிறுத்த, கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டியை வெளியே நிறுத்தி வேலையை முடித்தார்கள். பதிவானதைக் கேட்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி வண்டிக்குப் போக வேண்டும். ஆகவே கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாசித்தது சரி என்று பட்டால் அடுத்த பாட்டு. அந்தத் துணிச்சல் தட்டில் கேட்கும்: ஒட்டுவேலை குறைவு, ஒவ்வொரு கருவிக்கும் சுற்றிலும் காற்று உண்டு. பதிவுப் பொறியாளர் மார்ட்டின் பிர்ச்.

இதன் எண் டிபிஎஸ்ஏ 7504. புதிதாக வாங்குபவர்கள் எந்தக் கலவை (மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் சேர்த்த வடிவம்) என்று பாருங்கள். 1997இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பில் ரோஜர் குளோவர் புதிதாகக் கலந்த ஒரு வடிவம் இருக்கிறது, அதோடு அன்று எல்பியில் இடம் கிடைக்காமல் ஒற்றைத் தட்டின் பின்பக்கம் போன 'வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்' பாட்டும். 2024 பெட்டியில் டிவீசில் ஸாப்பா புதிதாகக் கலந்தது இருக்கிறது. ஆமாம், அன்று கச்சேரி எரிந்துபோன அதே ஸாப்பாவின் மகன்தான். முதல் முறை கேட்பவர் பழைய கலவையில் தொடங்குவதே நல்லது. புதுக் கலவைகள், பழையது மனப்பாடமானவர்களுக்கு.

180 கிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண எல்பி 120 முதல் 140 கிராம் இருக்கும். கனமான தட்டு தட்டையாக நிற்கும், அவ்வளவுதான். ஒலி எந்த மாஸ்டரிலிருந்து, அதாவது எந்த மூலப் பதிவிலிருந்து, தட்டை வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய தட்டானால் லேபிளைச் சுற்றியுள்ள பாட்டில்லாத வழவழப்பான வளையத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஈஎம்ஐ தட்டுகளில் அது 1யு, 2யு என்று முடியும். சின்ன எண் என்றால் முந்தைய வெட்டு. அந்த எண் அட்டையின் எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். பங்களாப் பெட்டிகளில் 'மெஷின் ஹெட்' அட்டைக்குள் பெருமாள் கோயில் சுப்ரபாதம் இருப்பதும் உண்டு.

இனி 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோ புடோகானிலும் 8 டிராக் கருவியில் பதிவானது. பெரும்பகுதி 16ஆம் தேதிக் கச்சேரி. அதே ஆண்டு டிசம்பரில் இரட்டை எல்பியாக வந்தது, எண் டிபிஎஸ்பி 351. அட்டைப் படம் மட்டும் ஜப்பானில் எடுத்ததல்ல, லண்டன் ரெயின்போ தியேட்டரில் எடுத்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், ஏழே பாட்டு. நான்காம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஆல்பத்தை ஒரு கருவி மாதிரியும் பயன்படுத்தலாம். ஆர்கன் ஒரு ஸ்பீக்கரில், கிட்டார் மறு ஸ்பீக்கரில், நடுவே பெய்ஸும் கில்லனும். கிட்டாரோ ஆர்கனோ ஒன்று கேட்காமலே போனால் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஒயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முதல் பக்கத்தின் இரண்டாம் பாட்டு 'சைல்ட் இன் டைம்' 12 நிமிடம் ஓடி லேபிளுக்கு அருகே முடியும். சோதனைக்கு அதுதான் சரியான இடம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று மாறாமல் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியை அரைக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கும். ஊசி தேய்ந்திருந்தாலோ கோணம் பிசகியிருந்தாலோ கில்லனின் உச்சக் கூச்சல் அங்கேதான் துணி கிழிவதுபோல் உடையும். 'இன் ராக்'கிலும் இதே பாட்டு முதல் பக்கத்தின் கடைசி. இரண்டிலும் உடைந்தால் குற்றம் ஊசியில், ஒன்றில் மட்டும் உடைந்தால் தட்டில். முந்தைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் உழுதிருப்பார்.

ஊட்டியில் ஒலி இப்படி உடைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது குளிர். ஊசி பொருத்திய நுண்குழாயை ஒரு ரப்பர் வளையம் தாங்கிப் பிடிக்கிறது. கம்பெனிகள் தரும் கணக்கெல்லாம் 20 டிகிரியை ஒட்டிய அறைக்கானவை. ஜனவரிக் காலையில் கணப்பு மூட்டாத கல் பங்களா அறை 10 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். ரப்பர் விறைத்தால் ஊசி பள்ளத்தின் நெளிவோடு ஓட முடியாமல் சுவரில் மோதும். அறையை ஹீட்டரால் சூடாக்கி அரைமணி நேரம் கழித்துப் போடுவதே முறை. அது முடியாதென்றால், ஊசி தட்டில் அழுத்தும் எடையைக் கம்பெனி சொன்ன எல்லையின் மேல்பக்கம் வையுங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு எல்லை 1.8 முதல் 2.2 கிராம். கீழே கோவையில் 2.0இல் நன்றாக ஓடுவது மேலே டிசம்பரில் 2.2 கேட்கும். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தப்பான நம்பிக்கை. எடை போதாமல் துள்ளும் ஊசிதான் பள்ளத்தின் சுவரை உடைக்கும்.

வேகம் இன்னொரு தலைவலி. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பிளேயர்கள் பல 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 வோல்ட் கொடுத்துவிட்டால் போதும் என்று விற்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அலைவெண் 50 ஆகவே இருக்கும். சிங்க்ரனஸ் மோட்டார் அலைவெண்ணைப் பார்த்துச் சுற்றுவது, ஆகவே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். சுருதி மூன்று அரைசுரத்துக்கு மேல் இறங்கிவிடும். கில்லன், அவருக்குப் பின் வந்த தடித்த குரல் பாடகர் கவர்டேல் ஆகிவிடுவார், கவர்டேல் தூங்கிவிடுவார். மோட்டாரில் உள்ள புல்லியை (பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால்தான் சரியாகும். வாங்கும் இடத்திலேயே பார்க்க 180 கோடுள்ள ஸ்ட்ரோப் தாளைத் தட்டின்மேல் வைத்துக் குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நின்றால் 33⅓. 216 கோடுள்ள தாள் 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது, நமக்கு ஆகாது. எல்இடி பல்பு பலவற்றில் துடிப்பு தெரியாது. எலெக்ட்ரீஷியன் டெஸ்டரில் உள்ள நியான் போதும், அறை மட்டும் இருட்டாக இருக்க வேண்டும்.

பங்களாக்களின் மரத்தளத்தில் ஸ்டாண்டு வைத்தால், பக்கத்தில் யாராவது நடந்தாலே ஊசி துள்ளும். கல்சுவரில் ஆங்கிள் அடித்துப் பலகை போட்டு அதன்மேல் வைப்பது ஒன்றே தீர்வு. தகரக் கூரை வீடென்றால் மழை நேரத்துக்குத் தனி அட்டவணையே வேண்டும். 'சைல்ட் இன் டைம்' ஆர்கனின் மெல்லிய தொடக்கம் கூரைச் சத்தத்தில் காணாமல் போகும். 'பர்ன்' தாங்கும்.

'பர்ன்' மார்க் 3. 1973 ஜூன் இறுதியில் ஒசாகாவில் கடைசிக் கச்சேரி முடித்துக் கில்லனும் குளோவரும் விலகினார்கள். அதற்குமுன் வந்த 'ஹூ டூ வீ திங்க் வீ ஆர்' களைத்துப்போனவர்களின் ஆல்பம், முதல் பாட்டைத் தாண்டினால் கைதட்டத் தோன்றாது. பதிலுக்கு வந்தவர்கள் இருவர். இங்கிலாந்தின் ரெட்கார் ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கவர்டேல் பாட்டுக்கு, டிரபீஸ் குழுவின் கிளென் ஹியூஸ் பேஸுக்கு. ஹியூஸும் பாடகர். தடித்த குரல் ஒன்று, உச்சத்தில் பறக்கும் குரல் ஒன்று என இரட்டைக் குரல் இந்தக் குழுவுக்கு முதல் முறை கிடைத்தது. 1974 பிப்ரவரியில் வந்த இதன் அட்டையில் ஐந்து தலைகளும் மெழுகுவத்திகளாக எரியும். எண்ணிக்கொள்ளலாம். பின்னட்டையில் பாட்டு எழுதியவர் பெயர்களில் ஹியூஸைத் தேடாதீர்கள். பழைய ஒப்பந்தச் சிக்கலால் முதல் பதிப்பில் அவர் பெயர் விடுபட்டது. எண் டிபிஎஸ் 3505.

தலைப்புப் பாட்டில் பெய்ஸ் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. டிரம்ஸ் கற்பவர்கள் இந்த ஒரு பாட்டுக்காகவே தட்டை வாங்கலாம். பாட்டு ஓடும்போதே அடுக்கடுக்காக உருட்டிக்கொண்டு போவார், ஆனால் தாளம் அரை மயிரிழை நகராது. ஆள் எத்தனை மாறியும் இது டீப் பர்ப்பிள் என்று அடையாளம் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கை.

அதே ஆண்டு நவம்பரில் 'ஸ்டார்ம்பிரிங்கர்'. சூறாவளியும் இறக்கை முளைத்த குதிரையும் அட்டையில், முகம் இல்லை. ஹியூஸின் ஃபங்க் (கறுப்பின அமெரிக்கரின் ஆட்ட இசை) ருசி ஓங்கிவிட்டது. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. 1975 ஏப்ரலில் பாரீஸ் கச்சேரியோடு விலகி ரெயின்போ குழுவைத் தொடங்கினார். ஆல்பம் மோசமில்லை, ஹார்டு ராக் எதிர்பார்த்து வாங்குபவருக்குத்தான் ஏமாற்றம்.

மார்க் 4இல் ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம், 'கம் டேஸ்ட் தி பேண்ட்', 1975 அக்டோபர். அமெரிக்கர் டாமி போலின் கிட்டார். டிரம்மர் பில்லி காபமின் 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பத்தில் வாசித்தவர். அட்டையில் ஒயின் கிண்ணத்துக்குள் ஐந்து முகம். கடைகளில் இதை யாரும் தொடுவதில்லை, அதனால் நல்ல நிலையில் கிடைக்கும். தொடுங்கள். பிளாக்மோர் மாதிரி வாசிக்க அவர் முயலவே இல்லை, அதுதான் இதன் பலம். ஆனால் மேடைப் பதிவான 'லாஸ்ட் கன்சர்ட் இன் ஜப்பான்' பக்கம் போகாதீர்கள். 1975 டிசம்பரில் புடோகானில் போலினின் இடது கை சரியாக இயங்காத நிலையில் எடுத்தது. 'மேட் இன் ஜப்பா'னோடு பெயர் குழம்பி இதை வாங்கி வீட்டுக்குப் போய் வருந்துபவர்கள் உண்டு. 1976 மார்ச்சில் லிவர்பூல் கச்சேரியோடு குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி போலின் இறந்தார், வயது 25.

மார்க் 1 பற்றியும் சொல்ல வேண்டும். ராட் எவன்ஸ் பாட்டு, நிக் சிம்பர் பேஸ். 1968, 69இல் மூன்று ஆல்பம். அடுத்தவர் பாட்டுகளை நீட்டி வாசிப்பது அன்றைய பழக்கம். ஜோ சவுத் எழுதிய 'ஹஷ்' அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை போனது. மூன்றாவது ஆல்பத்தின் அட்டை பழைய டச்சு ஓவியர் போஷ் வரைந்த ஓவியம், அச்சில் தவறிக் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. ஆகவே நிறமில்லை என்று பேரம் பேசாதீர்கள். எல்லா அட்டையும் அப்படித்தான். ஹார்டு ராக் இதில் இன்னும் பிறக்கவில்லை. எவன்ஸ் பெயர் பிறகு வேறு விதத்தில் அடிபட்டது. 1980இல் பழைய ஆட்களில் அவர் ஒருவர் மட்டுமே இருந்த ஒரு கூட்டம் டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்காவில் மேடையேறியது. வழக்கு வந்து தோற்றது.

1984இல் மார்க் 2 மறுபடி கூடி 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தந்தது. இதில் எல்பியைவிட கேசட்டிலும் சிடியிலும் ஒரு பாட்டு கூடுதல். மீண்டும் சேர்ந்த குழுக்களின் ஆல்பங்களில் இவ்வளவு முறுக்கானது அரிது. 1987இன் 'தி ஹவுஸ் ஆஃப் புளூ லைட்' வாங்கத் தேவையில்லை. 1990இன் 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' கில்லன் இல்லாதது, பாடியவர் ஜோ லின் டர்னர். பிளாக்மோர், குளோவர், டர்னர் மூவரும் ரெயின்போவில் சேர்ந்து வாசித்தவர்கள், ஆகவே இது பெயர் மாற்றிய ரெயின்போ தட்டு. அப்படி நினைத்து வாங்கினால் குறையில்லை. 1993இல் கில்லன் திரும்பி வந்து 'தி பேட்டில் ரேஜஸ் ஆன்'. அந்த நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் போய்விட்டார், இந்த முறை நிரந்தரமாக. மிச்சக் கச்சேரிகளுக்குக் கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானி கைகொடுத்தார். அவர் வாசித்த ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் இல்லை, யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

1994இல் கிட்டாருக்கு வந்த ஸ்டீவ் மோர்ஸ் 2022 வரை இருந்தார், பிளாக்மோரின் மொத்தக் காலத்தைவிட நீளம். மனைவியின் உடல்நிலையால் விலகினார். அவருடைய முதல் ஆல்பம் 'பர்பெண்டிகுலர்', 1996, இந்தப் பின்காலத்தின் மிகச் சிறந்தது. எல்பி வழக்கொழிந்த ஆண்டுகளில் வந்தது, சிடியே போதும். 2002இல் ஜான் லார்ட் ஓய்வுபெற, ரெயின்போவில் வாசித்திருந்த டான் ஏரி வந்தார். லார்ட் 2012 ஜூலையில் காலமானார். 2013இல் பாப் எஸ்ரின் தயாரிப்பில் வந்த 'நவ் வாட்' அவருக்குச் சமர்ப்பணம். 70 வயதை நெருங்கும் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாட்டுகளை அமைத்ததில் எஸ்ரினின் கெட்டிக்காரத்தனம் தெரியும். இப்போது கிட்டார் சைமன் மெக்பிரைட், 2024இன் '=1' அவரோடு. கொஞ்சம் இளரத்தம் ஏறியிருக்கிறது.

தொகுப்பு ஆல்பங்களில் 1980இன் 'டீபெஸ்ட் பர்ப்பிள்' பிரிட்டனில் முதலிடம் போனது, பெட்டிகளில் அடிக்கடி வரும். இதில் கில்லனும் கவர்டேலும் கலந்து வருவார்கள். அறிமுகத்துக்குச் சரி. அணி தெரிந்து கேட்பவருக்கு நடுவில் ஆள் மாறுவது தொண்டையில் முள்.

கடைசியாகப் பூஞ்சை. மலையில் தட்டு வாங்குபவர் கீறலைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும். ஜூன் முதல் தென்மேற்கு மழை ஊட்டியையும் கூடலூரையும் நனைக்கும், அக்டோபரில் வடகிழக்கு கோத்தகிரி, குன்னூரைப் பிடிக்கும். ஆண்டில் பாதி நாள் அட்டை காய்வதேயில்லை. பூஞ்சைக்கு வினைல் உணவல்ல. அது தின்பது காகித உறையையும் தூசியையும் விரல் எண்ணெயையும். தின்றுவிட்டு வெளியேற்றும் அமிலம் பள்ளத்தில் தங்கும். கைபேசி டார்ச்சைத் தட்டின்மேல் சாய்வாகப் பிடியுங்கள். காலிஃபிளவர் பூ மாதிரி மங்கலான வெண்புள்ளிகள் தெரிந்தால் அதுதான். ஈரத் துணி நுனியால் ஒரு புள்ளியைப் பள்ளத்தின் வழியே துடைத்துப் பாருங்கள். கருப்பு பளபளத்தால் வாங்கலாம். துடைத்த பிறகும் சொரசொரவென்று மங்கல் தங்கினால் அரித்துவிட்டது, எவ்வளவு கழுவினாலும் பொரிகிற சத்தம் போகாது.

கழுவ மூன்று பங்கு டிஸ்டில்ட் வாட்டர், ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம். பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீரானால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் விழுந்தால் அது தட்டுக்கு ஆகாது. லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்திக் காயவிடலாம். பெட்டியில் 78 சுற்று அரக்குத் தட்டு இருந்தால் இந்தக் கலவை கூடவே கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். காய்ந்ததைப் பழைய காகித உறைக்குள் மறுபடி போட்டால் செய்த வேலை வீண். பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். பிவிசி வெளியுறை ஒட்டிக்கொண்டு தட்டில் பால்போல் படலம் விடும், அதைத் தவிருங்கள்.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடம் விட்டு நிறுத்துங்கள். ஓரடி நீளத்துக்கு 15 கிலோவுக்குக் குறையாத பாரம், பிளைவுட் பலகை வளையும். தட்டுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூடிய பெட்டியானால் 50 தட்டுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறம் மாறியதும் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஈரம் போக்குகிறேன் என்று கணப்புக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். சூட்டில் வினைல் இளகித் தட்டு கிண்ணமாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து கூரியரில் வரும் புதுத் தட்டின் பிளாஸ்டிக் சுற்றை அன்றே பிரியுங்கள். கீழ்நாட்டின் ஈரக் காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு மேலே வந்திருக்கும், குளிர்ந்ததும் அட்டைக்குள்ளேயே வியர்க்கும்.